அத்தியாயம் 6: கேள்வித்தாளுக்குள் ஒரு நோயாளி

பல்கலைக்கழகத் தேர்வில் நோயியலுக்கு இரண்டு தாள்கள். பொது நோயியலும் ரத்தவியலும் முதல் தாளில் அடங்கும். இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்பு வாரியாகப் போகும் பகுதி இரண்டாம் தாளுக்கு உரியது. தேர்வு நடத்தும் வசதிக்காகப் போட்ட இந்தக் கோடு, ஆண்டு முடிவதற்குள் மாணவரின் மனத்திலும் விழுந்துவிடுகிறது. கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸை நான்கு வரியில் பிழையில்லாமல் எழுதும் மாணவரிடம், மாரடைப்பு வந்து இரண்டாம் நாள் இதயத் தசையின் செல்கள் ஏன் உருவம் கலையாமல், உட்கரு மட்டும் மறைந்து நிற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பலர் திகைப்பார்கள். இரண்டும் ஒரே விஷயம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதை யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். மாணவர் எதைக் கேட்கிறோமோ அதையே படிக்கிறார். ஆகவே நோயியல் தேர்வில் நாம் சோதிக்க வேண்டியது நோயின் பெயரையோ, ஸ்லைடின் வர்ணனையையோ மட்டுமல்ல. காரணத்திலிருந்து செல்லுக்கும், செல்லிலிருந்து உறுப்புக்கும், உறுப்பிலிருந்து நோயாளியின் தொல்லைக்கும் போகும் பாதையை மாணவரால் நடந்து காட்ட முடிகிறதா என்பதை. அதற்குக் கேள்வி ஒரு நோயாளியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நோயாளி கல்லூரி இருக்கும் மாவட்டத்துக்காரராக இருந்தால் கேள்வி இன்னும் உறுதிப்படும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

மாவட்டம் என்றால் எது? 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. ஆண்டுக்கு 150 இடங்கள் கொண்ட கிருஷ்ணகிரி அவற்றில் ஒன்று. அந்த மாவட்டத்தின் ஒரு கோடியில், கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டுப் பகுதியில் இருக்கிறது அஞ்செட்டி. ஒரு பக்கம் தேன்கனிக்கோட்டை, மறுபக்கம் நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல். கேழ்வரகும் தக்காளியும் விளையும் மேட்டு நிலம், யானை இறங்கும் காடு, தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்கள், வேலைக்கு ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் போய்வரும் இளைஞர்கள். இப்படி ஒரு தாலுகாவிலிருந்து வரும் நோயாளிகளை வரிசைப்படுத்தினாலே பாடத்திட்டத்தின் பெரும்பகுதி வந்துவிடும்: வயலில் பாம்புக்கடி, ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு, கல் குவாரித் தூசி, காசநோய், இரும்புச் சத்துக் குறைந்த ரத்தசோகை. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் நகரத்து வியாதிகள் என்ற பழைய எண்ணம் இங்கே செல்லாது. அந்த இரண்டுக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டதே இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான்.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ‘முட்டையோடு போன்ற கால்சியப் படிவு எந்த நோயில் காணப்படும்?’ என்று ஓர் எம்.சி.க்யூ. விடை சிலிக்கோசிஸ். இதைச் சரியாக எழுதியவருக்கு என்ன தெரியும்? இரண்டு சொற்கள் சேர்ந்து வரும் என்பது தெரியும். அதையே இப்படி மாற்றலாம்: ‘45 வயது ஆண். 14 ஆண்டுகளாகக் கிரானைட் குவாரியில் துளையிடும் வேலை. ஓராண்டாக நடந்தால் மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் சிறு முடிச்சுகள். இரண்டு மாதமாக மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு. சளியில் காசநோய்க் கிருமி உள்ளது. இவருக்குக் காசநோய் எளிதில் பற்றியதற்கு எந்தச் செல்லின் பாதிப்பு முதன்மைக் காரணம்?’ விடைகள் நான்கு: நியூட்ரோபில், மேக்ரோபேஜ், ஃபைப்ரோபிளாஸ்ட், டைப் 1 நிமோசைட். சரியான விடை மேக்ரோபேஜ். சிலிக்காத் துகளை விழுங்குவது அது. விழுங்கிய துகளால் அதன் லைசோசோம் கிழிகிறது. இன்ஃப்ளமசோம் தூண்டப்பட்டு இன்டர்லூக்கின்-1 வெளியாகிறது. அதன் தொடர்ச்சியாகக் கொலாஜன் சுருள் சுருளாகப் படிந்து முடிச்சாகிறது. காசநோய்க் கிருமியை அடக்கி வைக்க வேண்டியதும் இதே மேக்ரோபேஜ்தான். ஆக, செல் காயம், நாட்பட்ட அழற்சி, நார்த்திசுப் படிவு ஆகிய முதல் தாள் பாடங்களும், நிமோகோனியோசிஸ், காசநோய் ஆகிய இரண்டாம் தாள் பாடங்களும் ஒரே ஆளின் நெஞ்சுக்குள் சந்திக்கின்றன.

இந்தக் கேள்வியின் உண்மையான பலம் தவறான விடைகளில் இருக்கிறது. கிருமி என்றதும் நியூட்ரோபிலைத் தொடுபவர், சீழ் பிடிக்கும் அழற்சிக்கும் கிரானுலோமாவுக்கும் உள்ள வேறுபாட்டை இன்னும் பிடிக்கவில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் என்று எழுதியவர் முடிச்சு எப்படி உருவாகிறது என்பதில் பாதி தூரம் வந்தவர். ஆனால் கேள்வி முடிச்சைப் பற்றியது அல்ல. நிமோசைட்டைத் தேர்ந்தவருக்கு நுரையீரலின் அமைப்பு தெரிகிறது, தற்காப்பு தெரியவில்லை. தேர்வு முடிந்த மறுவாரம் வகுப்பில் எதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதை இந்த மூன்று தவறுகளும் ஆசிரியருக்குச் சொல்லிவிடுகின்றன. முட்டையோட்டுக் கேள்வியில் ஒருவர் தவறினால் அவருக்கு ஞாபகமில்லை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. எம்.சி.க்யூ. எழுதியதும் விடைகளைக் கையால் மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் படியுங்கள். நன்கு படித்தவர் விடைகளைப் பார்க்காமலே பதில் சொல்ல முடிந்தால் கேள்வி தேறியது. ‘கீழ்க்கண்டவற்றில் எது தவறானது அல்ல’ வகைக் கேள்விகள் இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடையையும் விட்டுவிடுங்கள். நான்காவது விடைக்கு ஒன்றும் தோன்றாதபோது கை தானாக எழுதும் விடை அது. நல்ல விடைகள் மூன்றே கிடைத்தால் மூன்றோடு நிறுத்தலாம். ஒப்புக்குச் சேர்க்கும் நான்காவதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

எம்.சி.க்யூ.வைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. பல்கலைக்கழகத் தேர்வில் எம்.சி.க்யூ.வுக்கு 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் தரக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் எம்.பி.பி.எஸ். விதிமுறைகள் வரம்பு வைத்தன. அதாவது, பெரிய விளையாட்டு நடப்பது கட்டுரை வினாக்களில். அங்கேதான் ‘வரையறு, வகைப்படுத்து, கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களையும் நுண்ணோக்கி மாற்றங்களையும் விவரி’ என்ற பழைய சூத்திரம் கேள்வியாக வந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சூத்திரத்தில் ஒரு வசதி உண்டு: திருத்துவது சுலபம். விடைத்தாளில் துணைத்தலைப்புகள் இருக்கின்றனவா, படம் வரைந்து பென்சிலால் நிறம் தீட்டியிருக்கிறதா என்று கண் ஓட்டினாலே மதிப்பெண் விழுந்துவிடும். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக நிறம் தீட்டிய படத்துக்கு நாம் தரும் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தால், நம் மாணவர்களில் நல்ல ஓவியர்கள் எத்தனை பேர் என்பது தெரியவரும்.

இதற்கு மாற்றாக ஒரு பாம்புக்கடிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 32 வயதுப் பெண், அஞ்செட்டி அருகே வயலில் வேலை செய்யும்போது காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் உறையவில்லை. இரண்டாம் நாள் சிறுநீர் குறைகிறது. பிளேட்லெட் எண்ணிக்கை குறைவு. ஸ்மியரில் துண்டு துண்டான சிவப்பணுக்கள். முதல் உட்கேள்வி: ரத்தக் குழாய்களுக்குள் ரத்தக்கட்டு இருந்தும் சோதனைக் குழாயில் ரத்தம் ஏன் உறையவில்லை? விடத்தில் உள்ள புரதங்கள் உறைவுக் காரணிகள் 5-ஐயும் 10-ஐயும் நேரடியாகத் தூண்டுகின்றன, காரணிகளும் ஃபைப்ரினோஜனும் செலவாகித் தீர்ந்துவிடுகின்றன என்று எழுதுபவருக்கு டி.ஐ.சி. புரிந்திருக்கிறது. அந்த மூன்றெழுத்தை விரித்து எழுதுபவருக்கு அது புரிந்ததற்கான சான்று இல்லை. இரண்டாவது உட்கேள்வி: சிறுநீரகத்தில் இரண்டு வகைச் சேதம் நேரலாம், எது குணமாகும், எது ஆகாது, ஏன்? டியூபுலர் நெக்ரோசிஸில் அடித்தளச் சவ்வு பெருமளவு தப்பியிருக்கும், டியூபுல் செல்கள் தேவைப்பட்டால் மீண்டும் பெருகக்கூடிய நிலைத்த வகையைச் சேர்ந்தவை, ஆகவே வாரங்களில் மீள வழியுண்டு. கார்டிகல் நெக்ரோசிஸில் குளோமருலஸ் உட்பட எல்லாம் இறந்துபோகின்றன, இறந்த குளோமருலஸ் மீண்டும் முளைப்பதில்லை, அந்த இடத்தில் வடுவே மிஞ்சும். திசுச் சீரமைப்பு என்ற பொது நோயியல் பாடத்தை மாணவர் எதற்காகப் படித்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. மூன்றாவது உட்கேள்வி சற்றுக் கடினமானது: உயிர் பிழைத்த அந்தப் பெண்ணுக்கு ஓராண்டுக்குப் பின் மாதவிடாய் நின்றுபோகிறது, அசதி, ரத்த அழுத்தம் குறைவு. எந்த உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும்? பிட்யூட்டரி. பிரசவத்தில் அதிக ரத்தம் போனபின் வரும் ஷீஹன் நோயைப் படித்தவர், அதே விளைவு கண்ணாடி விரியன் கடியாலும் வரக்கூடும் என்று ஊகிக்க முடிகிறதா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். இந்த உட்கேள்விக்கு 10-இல் 2 மதிப்பெண்ணுக்கு மேல் ஒதுக்காதீர்கள். வகுப்பில் முதல் சிலரைப் பிரித்துக் காட்ட அது போதும். விடைக்குறிப்பையும் இதே பாணியில் எழுதுங்கள். ‘டி.ஐ.சி. – 3 மதிப்பெண்’ என்று குறித்தால் திருத்துபவர் அந்தச் சொல்லைத் தேடுவார். ‘காரணிகள் செலவாவதைச் சொன்னால் 2, அதை ஸ்மியர் முடிவோடு இணைத்தால் மேலும் 1’ என்று குறித்தால் பாதையைத் தேடுவார்.

இப்படிக் கேட்பதால் மாணவர் நன்றாகக் கற்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பது நியாயம். தேர்வு என்பது கற்றதை அளக்கும் கருவி மட்டுமல்ல, கற்கும் வழியும்கூட என்பதற்கு நல்ல சான்று உண்டு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடியும் படித்தவர்களையும், ஒருமுறை படித்தபின் நினைவிலிருந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. பின்னர் லார்சனும் அவரது குழுவினரும் பயிற்சி மருத்துவர்களிடையே நடத்திய ஆய்விலும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தேர்வு வைத்த குழுவே பல மாதங்களுக்குப் பின்னும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தது. தேர்வுக்கு முந்தைய இரவில் படிப்பவருக்கு மறுவாசிப்பே சிறந்தது போலத் தோன்றுவதும், இரண்டாண்டு கழித்து வார்டில் அதே பாடம் கைகொடுக்காமல் போவதும் இதனால்தான். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கேள்விகள் கொண்ட சின்னத் தேர்வு, ஆண்டுக்கு மூன்று பெரிய இன்டர்னலை விடப் பயனுள்ளது என்பது என் முடிவு. அந்த ஐந்தில் இரண்டு கேள்விகள் முந்தைய மாதத்துப் பாடத்திலிருந்து வரட்டும். இந்தச் சின்னத் தேர்வுகளின் மதிப்பெண்ணை எங்கும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது மறுபடி பரீட்சையாகிவிடும்.

செய்முறைத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். மியூசியத்து ஜாடிகளைக் காட்டிக் கேட்கும் ஸ்பாட்டர் முறையின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஃபார்மலினில் ஆண்டுக்கணக்காக வெளிறிக் கிடக்கும் கல்லீரலைப் பார்த்து மாணவர் அடையாளம் காண்பது கல்லீரலையா, ஜாடி மூடியில் இருக்கும் விரிசலையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாணவர் நிலையம் நிலையமாக நகர்ந்து விடை தரும் ஆஸ்கி தேர்வு முறையை டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் விவரித்தார்; அதன் வழித்தோன்றலான ஆஸ்பி செய்முறைத் தேர்வு இதற்கு நல்ல மாற்று. ஒரு நிலையத்தில் ஜாடி இருக்கட்டும், பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள். கேள்வி: ‘இந்தக் கல்லீரலுக்கு உரியவர் ரத்த வாந்தி எடுத்து இறந்தார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஐந்து வரியில் எழுதுக.’ பெயரை நாமே சொல்லிவிட்டதால் மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. ரத்தசோகை நிலையத்தில் ஸ்மியரோடு ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் வையுங்கள். சிவப்பணுக்கள் சிறியவை என்று மட்டும் எழுதியவருக்கும், சிவப்பணு எண்ணிக்கை குறையாததைக் கவனித்துத் தலசீமியாவை நினைத்தவருக்கும் மதிப்பெண் வேறுபட வேண்டும். ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், வேலையில் செய்கிறார். நோயியல் இரண்டாம் படியைத் தாண்டுவது அபூர்வம். அந்த இரண்டாம் படியையாவது ஒழுங்காகச் சோதிக்க வேண்டும்.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, அடிப்படை மனப்பாடம் இல்லாமல் பாதையும் இல்லை என்பது. இது உண்மை. கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ் என்றால் என்னவென்று தெரியாதவருக்குப் பாம்புக்கடிக் கேள்வி வெறும் கதை. ஆகவே நேரடி நினைவுக் கேள்விகளை ஒழிக்கச் சொல்லவில்லை. அவற்றை மேலே சொன்ன சின்னத் தேர்வுகளுக்கு மாற்றிவிட்டு, பெரிய தேர்வில் இணைப்பைச் சோதிக்கலாம். அப்போதைய இந்திய மருத்துவக் கழகம் 2018-இல் வெளியிட்ட திறன்சார் பாடத்திட்டம் நோயியலை 36 தலைப்புகளாகவும் 182 திறன்களாகவும் பிரித்தது. அந்த 182-ஐயும் ஒவ்வொரு தாளிலும் தொட்டுவிட வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் கேள்விகளைத் துண்டு துண்டாக நறுக்குகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம், உள்ளூர் நோயாளிகளை வைத்துக் கேட்டால் மாணவரின் அறிவு உள்ளூரோடு சுருங்கிவிடும், அகில இந்தியத் தேர்வுகளில் பின்தங்குவார் என்பது. ஃப்ளோரோசிஸை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். உலகம் முழுவதும் படிக்கப்படும் பாடநூல்களில் அதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. ஆனால் எலும்பு ஃப்ளோரோசிஸ் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானிய நிதியுதவியோடு வந்து 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் கிணற்றில் நீர் குடித்து வளர்ந்த ஒருவருக்கு முதுகு விறைத்து, முன்கை எக்ஸ்ரேயில் எலும்பிடைச் சவ்வு கால்சியம் ஏறித் தெரிகிறது என்று கேள்வியைத் தொடங்கினால், அது எங்கே போய் முடியும்? எலும்பு உருவாவதும் கரைவதும் எப்படி நடக்கின்றன, ஆஸ்டியோபிளாஸ்ட் என்ன செய்கிறது, எலும்பு அடர்ந்திருந்தும் ஏன் எளிதில் முறிகிறது, பாஜெட் நோயிலிருந்தும் புராஸ்டேட் புற்று எலும்பில் பரவியதிலிருந்தும் இதை எப்படிப் பிரிப்பது என்று பாடநூலின் எலும்பு அத்தியாயம் முழுவதையும் சுற்றிவந்துவிடும். ஊர் என்பது கேள்வியின் வாசல். வாசலில் நுழைந்தபின் உள்ளே எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைக் கேள்வி எழுதுபவர் தீர்மானிக்கிறார். மாவட்டத்தில் அரிதான நோய்களையும் கேட்கத்தான் வேண்டும். அவற்றுக்கு வேறு ஊர் நோயாளியை வரவழையுங்கள்.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னைப் பொறுத்தவரை வலுவானது: மொழி. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின், பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்கள் கூடுதலாக வகுப்பறைக்கு வருகிறார்கள். கேள்விக்குள் நோயாளியைக் கொண்டுவந்தால் ஆங்கில வாசகம் நீளும். நோயியலைச் சோதிப்பதாக நினைத்து ஆங்கில வாசிப்பைச் சோதித்துவிடுவோம். இந்த அபாயம் மெய்யானது. ஆனால் இதற்குத் தீர்வு ஒற்றை வரிக் கேள்விக்குத் திரும்புவதல்ல. குவாரித் தொழிலாளி கேள்வியைத் திரும்பப் பாருங்கள்: ஒவ்வொரு வாக்கியமும் சிறியது, ஒவ்வொன்றிலும் ஒரே தகவல், விடைக்குத் தேவையில்லாத தகவல் எதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே எழுத முடியும். இரட்டை எதிர்மறை, தேவையற்ற அடைமொழி, இலக்கண அலங்காரம் எல்லாவற்றையும் வெட்டுங்கள். வைவாவில் ‘ஏன்’ என்று கேட்கும்போது மாணவர் தமிழில் விளக்கத் தொடங்கினால் தடுக்காதீர்கள். நாளை அவர் விளக்கப்போவது தமிழிலோ கன்னடத்திலோ பேசும் நோயாளியிடம்தான். உண்மையைச் சொன்னால், ஒற்றை வரிக் கேள்விதான் தமிழ்வழி மாணவருக்கு அதிகம் பாதகமானது. ஆங்கிலச் சொற்றொடரை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தவருக்கே அது மதிப்பெண் தருகிறது. நோயாளியை வைத்துக் கேட்டால், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் சரியான பாதையைச் சொன்னவருக்கும் இடம் கிடைக்கும்.

நான்காவது, நேரம். 150 மாணவர், கையளவு ஆசிரியர், ஸ்லைடு ரிப்போர்ட்டிங் வேலை வேறு. இப்படிப்பட்ட கேள்விகளை யார் எழுதுவது? ஓர் ஆசிரியர் மாதத்துக்கு மூன்று கேள்விகள் எழுதினால் போதும். துறையில் எட்டுப் பேர் இருந்தால் ஓராண்டில் 288 கேள்விகள். வார்டிலிருந்து வரும் பயாப்ஸி, ரத்த அறிக்கை ஒவ்வொன்றும் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டபின் கேள்வியாகும் தகுதி உடையவை. கேள்விகளை ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் சலித்தெடுக்க வேண்டும். மதிப்பெண் வரிசையில் மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் விடைத்தாள்களை எடுங்கள். 150 பேரில் இது பக்கத்துக்கு 40 தாள். ஒரு கேள்விக்கு மேலே 32 பேரும் கீழே 16 பேரும் சரியாக எழுதியிருந்தால், 80 பேரில் 48 பேர். எளிமைக் குறியீடு 60 சதவீதம். வேறுபாடு 16-ஐ 40-ஆல் வகுத்தால் 0.40, நல்லவரையும் நலிந்தவரையும் நன்றாகப் பிரிக்கும் கேள்வி. 0.20-க்குக் கீழே போனதைத் திருத்தி எழுதுங்கள். ஐந்து சதவீதம் பேர்கூடத் தொடாத தவறான விடையை மாற்றுங்கள். வேறுபாடு மைனஸில் வந்தால், அதாவது கீழ்வரிசை மாணவர்கள் மேல்வரிசையை விட அதிகம் பேர் சரியாக எழுதியிருந்தால், முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் பிசகு அங்கேதான் இருக்கும்.